பிள்ளை உள்ளே இருக்கும்வரை

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் றலியா ஒரு தட்டு வட்டிலப்ப இனிப்புடன் வீட்டை விட்டு வெளியே போனாள். போன கையோடு திரும்பி வந்தாள். தட்டில் ஒரு துண்டுகூடக் குறையவில்லை.

மகள் நப்லாவுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. வீட்டில் நல்லது நடந்தால் அக்கம்பக்கத்துக்குத் தட்டுப் போவது கண்டி மஹய்யாவையில் எல்லாரும் செய்வதுதான். றலியா முதல் தட்டை எதிர்வீட்டு இராஜகுமாரிக்கு எடுத்துப் போனாள். இராஜகுமாரியின் கணவர் மோகனராஜ், மாநகர சபையில் வேலை பார்ப்பவர், சாரத்தோடு கதிரையில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்கு வரும்படி றலியா சொன்னாள். சொல்லி முடிக்கவில்லை, மோகனராஜ் எழுந்து உள்ளே போனார். பின்கதவு திறந்து மூடியது. கொஞ்ச நேரத்தில் பின்பக்க மதிலிலிருந்து யாரோ குதிக்கும் சத்தம் கேட்டது.

இராஜகுமாரி றலியாவின் கையைப் பிடித்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"என்ன தங்கச்சி, எங்க ஊட்டுக்கா வர்றாங்க? இவரு சாராயத்தத் தவிர வேற எதையும் தொட்டதில்லையே."

விஷயம் விளங்க றலியாவுக்குச் சற்று நேரம் எடுத்தது. விளங்கியதும் தட்டை அங்கே வைக்கவும் மனம் வராமல் திரும்பிவிட்டாள்.

அவளுடைய கணவர் மஹ்ரூப், டவுனில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "முந்தி ஆக்கள் உன்ட ருசிக்குப் பயந்த. இப்ப பொலிஸுக்குப் பயப்புடுற" என்றார். றலியா சிரிக்கவில்லை.

மோகனராஜ் மதில் பாய்ந்ததற்குக் காரணம் இருந்தது.

றலியாவின் தொழில் சோட் ஈட்ஸ். ரோல்ஸ், பெட்டிஸ், கட்லட் எல்லாம் வீட்டிலேயே செய்து, காலையில் பாடசாலைக் கென்டீனுக்கும் இரண்டு தேநீர்க் கடைகளுக்கும் கொடுப்பாள். மஹய்யாவையில் அவள் ஏறாத படி இல்லை, அவளைத் தெரியாத வீடு இல்லை. அதனால்தான் பொலிஸார் ஊர் மக்களைச் சேர்த்துச் சமூகப் பொலிஸ் குழு அமைத்தபோது முதலில் அவளைப் பிடித்துப் போட்டார்கள். மாதம் ஒரு கூட்டத்துக்குப் போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவதுதான் வேலை என்று நினைத்து அவளும் சம்மதித்தாள்.

பொலிஸ் நிலையத்தின் சிறுவர், மகளிர் பிரிவில் நிரஞ்சனி என்ற கான்ஸ்டபிள் இருந்தாள். சாவகச்சேரிக்காரி. கண்டிக்கு மாற்றலாகி வந்த நாளிலிருந்து தமிழில் வரும் முறைப்பாடெல்லாம் அவள் மேசைக்குத்தான் போகும். ஒருநாள் அதிகாலை, ஐஸ் போதைப்பொருள் பாவிக்கும் ஒருவனைப் பிடிக்க மஹய்யாவையில் ஒரு வீட்டுக்குள் பொலிஸார் போனபோது அவளும் போயிருந்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்து தகப்பனை இழுத்தெடுத்ததை, அதே கட்டிலில் படுத்திருந்த நான்கு வயதுப் பிள்ளை பார்த்தது. அதற்குப் பிறகு காக்கி உடுப்புக் கண்ணில் பட்டாலே அந்தப் பிள்ளை நின்ற இடத்தில் சிறுநீர் கழித்தது. அதைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு நடந்தது நிரஞ்சனிதான்.

அந்தப் பிள்ளையின் கதையிலிருந்து அவளும் றலியாவும் ஓர் ஏற்பாடு செய்தார்கள். பிள்ளை இருக்கும் வீட்டைச் சோதனை போடும் முன் நிரஞ்சனி றலியாவுக்குத் தொலைபேசியில் கோல் எடுப்பாள். றலியா போய், சாப்பிட வாருங்கள், ரோல்ஸ் சுற்ற உதவிக்கு வாருங்கள் என்று ஏதாவது சொல்லிப் பிள்ளைகளைத் தன் வீட்டுக்குக் கூட்டி வருவாள். பிள்ளை வெளியேறிய பிறகே பொலிஸ் உள்ளே போகும். விற்கிறவன் வீடென்றால் இந்தச் சலுகை கிடையாது. நிலையப் பொறுப்பதிகாரி முதலில் முகத்தைச் சுளித்தார். இரண்டு வீடுகளில் கூச்சல் குழப்பம் இல்லாமல் வேலை முடிந்ததைப் பார்த்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இத்தோடு றலியா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனால் குழுவின் அடுத்த கூட்டத்தில் தாய்மார் பலர் கொதித்துப்போய் வந்திருந்தார்கள். பொலிஸோடு சேர்ந்து நம் வீட்டு ஆட்களைக் காட்டிக்கொடுக்கிறாள் என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். றலியாவுக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, உள்ளே ஒரு பிள்ளை இருக்கும்வரை பொலிஸ் அந்த வீட்டு வாசலை மிதிக்காது, இது தன் வாக்கு, வேண்டுமென்றால் இப்போதே நிரஞ்சனி மிஸ்ஸைக் கேளுங்கள் என்றாள். நிரஞ்சனி கண்ணைக் காட்டியதை அவள் கவனிக்கவில்லை. தாய்மார் அடங்கினார்கள். தாய்மாரின் மடியிலும் காலடியிலும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது நிரஞ்சனி குறைப்பட்டாள்.

"அதை ஏன் அக்கா சபையில சொன்னனீங்கள்? அது எங்களுக்குள்ள இருந்த கதையெல்லோ."

"சொன்னா என்ன மிஸ்? இப்ப எல்லாரும் நம்புறாங்கதானே" என்றாள் றலியா.

நம்பினார்கள் என்பது உண்மைதான்.

வட்டிலப்பத் தட்டு திரும்பி வந்த அடுத்த நாள், கென்டீனில் றலியா ரோல்ஸை இறக்கிக்கொண்டிருந்தபோது ஐந்தாம் வகுப்பு ஆசிரியை வந்து ஷஹ்மாவுக்கு என்ன சுகமில்லையா என்று கேட்டாள். இரண்டு கிழமையாகப் பிள்ளையைக் காணவில்லை, புலமைப்பரிசில் பரீட்சை கிட்டிக்கொண்டு வருகிறது, கட்டாயம் பாஸாகக்கூடிய பிள்ளை என்றாள்.

ஷஹ்மா றலியாவின் ஒழுங்கையில் மேல்வீட்டுப் பிள்ளை. தாய் ஹிதாயா டவுனில் புடவைக்கடையில் வேலை செய்கிறாள். விடிந்ததும் போனால் இருட்டத்தான் வருவாள். தகப்பன் ரிஸ்மி முச்சக்கரவண்டி ஓட்டுகிறவன். ஒன்றரை வருடமாக ஐஸ். இரவு முழுக்க நித்திரை கொள்ளாமல் வண்டியைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பான். பகலில் பிணம்போலப் படுத்திருப்பான். கன்னம் ஒட்டி, ஒன்றுமில்லாமலே தாடை அசைந்துகொண்டிருக்கும். ஊருக்கே தெரிந்த விஷயம். நிரஞ்சனிக்கும் தெரியும்.

றலியா வெறுந்தட்டுகளோடு நேரே அந்தப் படிகளில் ஏறினாள். ஷஹ்மா வீட்டுடுப்போடு கதவுக்குப் பின்னால் ஒரு பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஏன் பாடசாலைக்குப் போகவில்லை என்று கேட்டதற்கு வயிறு நோகிறது என்றாள். றலியா பழக்கதோஷத்தில், தனக்கு ரோல்ஸ் சுற்ற ஆள் இல்லை, வந்து கொஞ்சம் உதவி செய், வயிற்றுக்கு இஞ்சித் தேநீர் போட்டுத் தருகிறேன் என்றாள்.

பிள்ளை கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது.

"நான் வரமாட்டேன் மாமி. ஒங்கட ஊட்டுக்குச் சாப்பிட வந்த புள்ளயள்ட வாப்பாமாரத்தானே புடிச்சிட்டுப் போற."

றலியா கையிலிருந்த தட்டுகளைத் தரையில் வைத்தாள்.

"நான் உள்ளுக்கு ஈந்தா பொலிஸ் வராதுதானே? நீங்கதானே கூட்டத்துல சொன்ன" என்றாள் ஷஹ்மா.

குரலில் அழுகையும் இல்லை, அடமும் இல்லை. பாடத்தைச் சரியாகப் பாடமாக்கிவிட்டு ஆசிரியையிடம் ஒப்புவிக்கிற பிள்ளையின் குரல் அது. காலையில் தாய் போகும்வரை சீருடையோடு நிற்பாளாம். தாய் முடக்கில் திரும்பியதும் உடுப்பை மாற்றிக்கொண்டு இங்கே வந்து உட்காருவாளாம். சனி, ஞாயிறிலும் வெளியே விளையாடப் போவதில்லையாம். உம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். உள்ளே ரிஸ்மி குறட்டை விடுவது கேட்டது. மகள் காவல் இருப்பது அவனுக்கும் தெரியாது.

அன்று பகலே றலியா நிரஞ்சனியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். நிரஞ்சனி பேனையை மூடிவைத்தாள். ரிஸ்மியின் வீட்டுக்கு இந்த மாதமே போவதாகத்தான் இருந்தார்களாம். பகலில் எந்த நேரம் பார்த்தாலும் பிள்ளை உள்ளே இருக்கிறது என்று தள்ளிக்கொண்டு வருகிறார்களாம். ஹிதாயாவிடம் மட்டும் சொல்லுங்கள், ரிஸ்மியின் காதில் இது விழவே கூடாது என்றாள். றலியா தலையாட்டினாள்.

தலையாட்டிய றலியா திரும்பி வரும் வழியில் மனம் மாறினாள். ஷஹ்மா பிறந்த அன்று ரிஸ்மி முச்சக்கரவண்டி நிறைய பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்து ஒழுங்கை முழுக்கக் கொடுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. என்னதான் குடித்தாலும் பற்றவைத்தாலும் தகப்பன் தகப்பன்தானே. தனக்காகப் பத்து வயதுப் பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது என்று தெரிந்தால் அவனுக்கு நெஞ்சில் தைக்காதா? தைத்துத் திருந்திவிட்டால் ஹிதாயாவிடம் சொல்லி அவளை நோகடிக்க வேண்டிய தேவையே இராது.

சந்தியில் வண்டிக்குள் குந்தியிருந்தவனிடம் போய்ச் சொன்னாள். அவனுக்கு நெஞ்சில் தைத்தது. ஹேண்டிலில் தலையைக் கவிழ்த்து அழுதான். நாளைக்கே பிள்ளையை இஸ்கூலுக்கு அனுப்புறேன் ராத்தா, அல்லாஹ்வுக்காக ஹிதாயாவுக்குச் சொல்லாதீங்கொ என்று கையெடுத்துக் கும்பிட்டான். றலியா லேசான மனதோடு வீட்டுக்கு வந்தாள். அடுத்த இரண்டு நாளும் ஷஹ்மா பாடசாலைக்கு வந்தாள். வேலை முடிந்தது என்று றலியா நிரஞ்சனிக்குக் கோல் எடுத்துச் சொன்னாள். எப்படி முடிந்தது என்று மட்டும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ரிஸ்மி வகுப்பாசிரியைக்குக் கோல் எடுத்து, மகளுக்குக் கொப்புளிப்பான் போட்டிருக்கிறது, சுகமாகும்வரை அனுப்பமாட்டேன் என்று சொன்னான். ஒட்டிக்கொள்ளும் அம்மை. கொப்புளிப்பான் வீட்டுக்கு யார் போவார்கள்? றலியாவும் போகவில்லை. மாவில் கை வைக்கிற தொழில், நாலு இடத்துக்குச் சாப்பாடு போகிறது. படியடியில் நின்று மேலே பார்த்துவிட்டு, துஆ கேட்டுக்கொண்டு வந்துவிடுவாள். ஹிதாயா போவதும் வருவதும் இருட்டில், அவளைக் காணவும் கிடைக்கவில்லை.

பிள்ளைக்குச் சுகமில்லை என்று பொலிஸும் தள்ளிப்போட்டது. இப்படி மூன்று கிழமை போனது.

ஒரு பகல், கடையில் இருக்கவேண்டிய நேரத்தில் ஹிதாயா றலியாவின் அடுப்படிக்கு வந்தாள். கையில் ஒரு ஷொப்பிங் பை. வந்தவள் பைக்குள்ளிருந்து ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்தை எடுத்து ரோல்ஸ் சுற்றும் மேசையில் வைத்தாள். ஷஹ்மாவின் பாடசாலைச் சப்பாத்து. ஒன்றின் முன்பக்கத்திலிருந்து கசக்கிய கடதாசியை இழுத்தாள். அதன் பின்னால் நகமளவுப் பைக்கற்றுகள் அடுக்காக இருந்தன.

அன்று காலை வகுப்பாசிரியை சாரி வாங்கக் கடைக்கு வந்திருந்தாளாம். கொப்புளிப்பான் காய்ந்துவிட்டதா என்று கேட்டாளாம். ஹிதாயா முதலாளியிடம் சொல்லிவிட்டு அப்படியே வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறாள். மகளின் உடம்பில் ஒரு கொப்புளமும் இல்லை. அவள் போனபோது ஷஹ்மா முன்பின் தெரியாத ஓர் ஆளுக்குக் கதவைத் திறந்து, வாப்பா குளிக்கிறார், கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"அவருக்கிட்டக் கேட்டேன் ராத்தா" என்றாள் ஹிதாயா. "மஹய்யாவையிலயே பாதுகாப்பான ஊடு இதுதானாம். றலியா ராத்தாட வாக்கு ஈக்கியாம். பொலிஸ் வராதாம்."

அடுப்பில் எண்ணெய் காய்ந்து புகைந்தது. நப்லா வந்து அடுப்பை அணைத்தாள்.

சந்தியில் நடந்ததை றலியா அப்போதுதான் ஹிதாயாவிடம் சொன்னாள். அவனிடம் சொல்லவேண்டாம் என்று மிஸ் சொன்னதையும், தான் கேட்காமல் போய்ச் சொன்னதையும் மறைக்கவில்லை. ஹிதாயா ஏசுவாள் என்று எதிர்பார்த்தாள். ஹிதாயா ஏசவில்லை. ஏசுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"எனக்கு அவர நினைச்சி அழ நேரமில்ல. என்ட புள்ளய வெளிய எடுங்கொ. நான் இழுத்தாலும் அவள் அவர உட்டுட்டு வரமாட்டாள்" என்றாள்.

கோல் எடுத்ததும் நிரஞ்சனி சாதாரண உடுப்பில், சல்வாரோடு வந்தாள். சப்பாத்தைத் தொடாமல் குனிந்து பார்த்தாள். பிறகு நிலைமையைச் சுற்றிவளைக்காமல் சொன்னாள். இது இனிப் பாவிக்கிறவன் வீடு இல்லை, விற்கிறவர்களுக்கு வைத்துக்கொடுக்கிறவன் வீடு. பிள்ளையின் பொருளுக்குள் அகப்பட்டால் கதை நீதிமன்றத்துக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போகும். தாய்க்குத் தெரிந்திருந்ததா என்று கேட்பார்கள். தெரிந்தும் விட்டிருந்தால் பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடச் சொல்வார்கள். அதனால் ஹிதாயா இப்போதே பொலிஸுக்கு வந்து தன் வாயால் முறைப்பாடு கொடுக்கவேண்டும். சப்பாத்தைத் தாயே கொண்டுவந்து கொடுத்தாள் என்று எழுதப்படவேண்டும். நாளைக் காலை வீட்டுக்குப் போகவேண்டும், தள்ளிப்போட முடியாது. இரவு ரிஸ்மி சப்பாத்தைத் தேடினால், யாரும் பார்த்துவிடாமல் வேறு இடத்தில் ஒளித்துவைத்ததாகச் சொல்லவேண்டும்.

பிள்ளை உள்ளேதானே இருக்கும் என்றாள் றலியா.

"சட்டத்தில அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா. அது உங்கட வாக்கு" என்றாள் நிரஞ்சனி.

அன்றிரவு மஹ்ரூப் ஒரு யோசனை சொன்னார். நீ பேசாமல் வீட்டில் இரு. பொலிஸ் போகட்டும். பிறகு பொலிஸ்தான் ஏமாற்றிவிட்டது என்று சொல்லிவிடலாம், திட்டு வாங்குவது அவர்களுக்குப் பழகிப்போனதுதானே என்றார். கெட்ட யோசனை என்று சொல்ல முடியாது. றலியா அதைக் கொஞ்ச நேரம் யோசித்தும் பார்த்தாள். பொலிஸ் ஏமாற்றியது என்று ஊர் நம்பினால் நிரஞ்சனிக்கு இனி ஒரு வீடும் திறக்காது. அதைவிட, அந்தப் பிள்ளை கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது பொலிஸை நம்பி அல்ல. றலியா நிரஞ்சனிக்குக் கோல் எடுத்து, முதலில் தான் போவதாகச் சொன்னாள்.

காலையில் ஹிதாயா வழமைபோல வேலைக்குப் போவதுபோல இறங்கி, முடக்கில் நின்ற வானில் ஏறிக்கொண்டாள். வானுக்குள் நிரஞ்சனியும் இன்னும் மூன்று பேரும் சிவில் உடுப்பில் இருந்தார்கள். றலியா தனியாகப் படியேறிக் கதவைத் தட்டினாள். கூப்பிட வந்திருக்கிறாள் என்று நினைத்து ஷஹ்மா ஒரு சாண் அளவுதான் திறந்தாள்.

"கூப்புட வரல்ல மகள். உன்னோட ஈக்க வந்தேன்" என்றாள் றலியா.

உள்ளே போய் அந்தப் பலகைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஷஹ்மாவும் உட்கார்ந்தாள். றலியா அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, இப்போது பொலிஸ் வரும் என்றாள். நான் இங்கேதானே இருக்கிறேன் என்றது பிள்ளை. ஓ, இருந்தாலும் வரும் என்றாள் றலியா.

ஷஹ்மா கையை உதறிக்கொண்டு எழுந்தாள். வெளிக்கதவுக்கு ஓடவில்லை. உள்ளறை வாசலுக்கு ஓடி, நிலைக்கு நிலை கையை விரித்துக்கொண்டு நின்றாள். அதற்குள் நிரஞ்சனி படியேறி வந்துவிட்டாள். மற்றவர்கள் வாசலோடு நின்றார்கள். சத்தத்துக்கு எழும்பிய ரிஸ்மி அறைக்குள்ளிருந்து வந்தான். வந்தவன் மகளின் தோள் இரண்டையும் பின்னாலிருந்து பிடித்துத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டான்.

"புள்ள உள்ளுக்கு ஈக்கி. நீங்க வர ஏலா" என்றான். நிரஞ்சனியைப் பார்த்துச் சொல்லவில்லை. றலியாவைப் பார்த்துச் சொன்னான்.

"அந்தப் பேச்சு முடிஞ்சி தம்பி. நான் சொன்னத நானே எடுத்துட்டேன். புள்ளய உடுங்கொ" என்றாள் றலியா.

அவன் விடவில்லை. தாடை அசைந்துகொண்டே இருந்தது. வாசலில் நின்றவர்களில் ஒருவர் காலெடுத்து வைத்தார். நிரஞ்சனி பின்னால் கையை நீட்டி அவரை நிறுத்தினாள். கீழே பிரதான வீதியில் பஸ் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு மேடேறியது.

"வாப்பா, நோகுது" என்றாள் ஷஹ்மா.

ரிஸ்மி குனிந்து தன் விரல்களைப் பார்த்தான். பிள்ளையின் தோளில் அவை புதைந்திருந்தன. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்தான். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் தொங்கவிட்டான்.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. நிரஞ்சனி கேட்டுக்கொண்டபடி வான் வரைக்கும் விலங்கு போடாமலே கூட்டிப்போனார்கள். மெத்தைக்குள்ளும் இன்னும் கொஞ்சம் அகப்பட்டது. ஹிதாயா வந்து மகளை அணைத்தாள். ஷஹ்மா தாயின் தோளுக்கு மேலாக றலியாவைப் பார்த்தாள்.

"நான் உள்ளுக்குத்தானே ஈந்தேன்" என்றாள்.

"ஓ மகள். நீ உள்ளுக்குத்தான் ஈந்த. வாக்குப் பொய்யாப் போனது என்னால. உன்னால ஒன்னும் இல்ல."

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை றலியாவோடு பேசவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வழக்கத்தைவிடக் கூட்டம். றலியா எழுந்து, போன தடவை சொன்ன வாக்கைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னாள். அந்த வாக்கால் பிள்ளைகள் வீட்டுக்குப் பூட்டாகிவிட்டார்கள், ஷஹ்மாவைப் பார்த்து இன்னொரு வீட்டிலும் பிள்ளையை மறிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், இனி உள்ளே பிள்ளை இருந்தாலும் பொலிஸ் வரும் என்றாள். வந்தால் தானும் வருவாள், பொலிஸுக்கு முன்னால் வந்து பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருவாள், அதைத் தவிர வேறு ஒரு வாக்கும் தன்னிடம் இல்லை என்றாள்.

ஒருத்தி எழுந்து வெளியே போனாள். அவள் பின்னால் இன்னும் மூன்று பேர் போனார்கள். காட்டிக்கொடுப்பவள் என்ற பழைய பேச்சு மறுபடி எழும்பியது. இராஜகுமாரிதான் சூழ்நிலையைக் கொஞ்சம் இளக்கினாள்.

"அப்போ நீங்க சாப்பிடக் கூப்பிட்டா எங்க ஊட்டுக்காரரு இனிமே வரலாமா தங்கச்சி? மதிலு பாஞ்சதுல இன்னும் கால் நொண்டுறாரு."

சிலர் சிரித்தார்கள். நிரஞ்சனியும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். ஆனால் போனவர்கள் திரும்பி வரவில்லை. தேநீர்க் கடை ஒன்று அந்தக் கிழமையே றலியாவிடம் ரோல்ஸ் எடுப்பதை நிறுத்தியது. கடைக்காரரின் மச்சான் அந்த இன்னொரு வீட்டுக்காரன்.

நீதவான் ரிஸ்மியைப் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்பினார். நன்னடத்தை அதிகாரி இரண்டு தரம் வந்து வீட்டைப் பார்த்து, ஹிதாயாவோடு பேசி, பிள்ளை தாயோடு இருக்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். ஹிதாயா முதலாளியோடு மல்லுக்கட்டிப் பின்னேரம் நேரத்தோடு வர ஒழுங்கு செய்துகொண்டாள். அவள் வரும்வரை ஷஹ்மா றலியாவின் வீட்டில் இருக்கட்டும் என்று நிரஞ்சனி கேட்டுப் பார்த்தாள். ஷஹ்மா மாட்டேன் என்றாள். இராஜகுமாரி வீட்டில் இருக்கச் சம்மதித்தாள். சப்பாத்து வழக்குப் பொருளாகிவிட்டதால் நிரஞ்சனி வேறு ஒரு சோடி வாங்கிக் கொடுத்தாள். முகாமுக்குத் தகப்பனைப் பார்க்கப் போகும் நாளில் தானும் கூட வருவதாகச் சொன்னாள். பிள்ளை அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டதாம்.

திங்கட்கிழமை றலியா கென்டீனில் தட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தபோது இடைவேளை மணி அடித்தது. பிள்ளைகள் வரிசைக்கு ஓடி வந்தார்கள். நடுவில் ஷஹ்மாவும் நின்றாள். தன் முறை நெருங்கியதும் அவள் றலியாவைக் கண்டாள். கையிலிருந்த காசைப் பக்கத்தில் நின்ற சிநேகிதியிடம் கொடுத்து, தனக்கும் சேர்த்து வாங்கச் சொல்லிவிட்டு வரிசையை விட்டு விலகிக்கொண்டாள். றலியா அந்தச் சிநேகிதிக்கு இரண்டு ரோல்ஸைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தாள். ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

இடைவேளை முடிந்தது. றலியா வெறுந்தட்டுகளை அடுக்கிக்கொண்டு ஐந்தாம் வகுப்பின் ஜன்னலைக் கடந்து போனாள். ஆசிரியை இன்னும் வரவில்லை. உள்ளே ஒரே கூச்சல். ஷஹ்மா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பிள்ளையின் கணக்குக் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து வைத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு, தான் வராத நாட்களில் தவறிப்போன கணக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.